உள்ளங்கையில் ஒரு துடிப்பு

எனக்கு அப்போது இருபத்திமூன்று வயது. பாளையங்கோட்டையில் மருத்துவச்சிப் பயிற்சி முடித்து, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே ஓர் ஊரில் இருந்த பிரசவ விடுதியில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. அறுபதுகளின் தொடக்கம். விடுதி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஓட்டுக்கூரை, ஆறு கட்டில், ஓர் ஆயா, நான். டாக்டரம்மா தென்காசியிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும், குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பதும், "நல்லாருக்கு, போயிட்டு வா" என்று சொல்லி அனுப்புவதும் என் பொறுப்பு.

துடிப்பைக் கேட்க ஒரு மரக்குழல் வைத்திருந்தோம். ஒரு சாண் நீளம்கூட இருக்காது. ஒரு முனை புனல் போல விரிந்திருக்கும். அதை வயிற்றில் வைத்து, தட்டையான மறுமுனையில் காதை அழுத்திக்கொண்டு, கையை எடுத்துவிட வேண்டும். கை பட்டால் விரல் உரசும் சத்தம்தான் கேட்கும். தலையணைக்கு அடியில் கைக்கடிகாரத்தை வைத்துவிட்டுக் கேட்பது போலிருக்கும் என்று சொல்லித் தந்திருந்தார்கள். உண்மைதான், ஆனால் அந்தத் தலையணைக்கு அடியில் வேறு சத்தங்களும் உண்டு. தாயின் குடல் இரையும். தாயின் ரத்தம் கருப்பைக்குப் போகும்போது உஸ் உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். அதனால் காதைக் குழலில் வைத்திருக்கும்போதே தாயின் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியையும் பார்க்க வேண்டும் என்பது விதி. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் ஓடினால்தான் நாம் கேட்பது குழந்தையின் இதயம். இந்த விதி எனக்கு நன்றாகத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

ஆடி மாதம் ஒரு காலை, குத்துக்கல்வலசைப் பக்கத்திலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மருமகளுக்கு எட்டாம் மாதம். இருபது வயதிருக்கும். ஏற்கெனவே மூன்று நான்கு தடவை வந்தவள்தான். ஒன்பது வயதில் வந்த விஷக்காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது. பேச்சு போகவில்லை. ஆனால் தன் குரல் தனக்கே கேட்காததால் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. மெதுவாகச் சொல்ல வேண்டியதைக் கூரை அதிரச் சொல்வாள், கூப்பிட வேண்டிய இடத்தில் முணுமுணுப்பாள். மற்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். நம் உதட்டைப் பார்த்தே முக்கால்வாசி புரிந்துகொள்வாள். புருஷன் சீசன் நாட்களில் ஐந்தருவியில் பழக்கடை போடுகிறவர். சாரல் பிடித்துவிட்டால் அவரால் கடையை விட்டு வர முடியாது. அதனால் எப்போதும் மாமியார்தான் கூட்டிவருவாள்.

அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதித்தது. கட்டிலில் ஏறும் முன்னே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு நாளா அசையல, நர்சம்மா."

வெளியே பெஞ்சில் பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் குழலை வைத்துக் காதை அழுத்தினேன். ஒரு கையால் அவள் தோளை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தேன். மழைச் சத்தத்துக்குள் தேடித் தேடி, இடுப்பெலும்புக்குச் சற்று மேலே ஒரு சத்தத்தைப் பிடித்தேன். எண்ணினேன். நிமிஷத்துக்கு நூற்று இருபத்துநாலு. குழந்தைக்கு இருக்க வேண்டிய கணக்குதான்.

"புள்ள நல்லாருக்கு. காய்ச்சல்ல தாயும் பிள்ளையும் அசந்திருக்கும்," என்று நிமிர்ந்து மாமியாரிடம் சொன்னேன். மாத்திரை கொடுத்தேன். அவள் என் முகத்தையும் மாமியார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இல்ல. அசையல," என்றாள் மறுபடியும். சத்தமாக.

"ஏட்டி, அவுக மிசின் வச்சுக் கேட்டுல்லா சொல்லுதாவ. ஒனக்கு என்ன தெரியும்? எந்திரி," என்று மாமியார் அவள் கையைப் பிடித்து இறக்கினாள்.

நாலு நாள் கழித்து வலி வந்து, தென்காசி ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளை இறந்து பிறந்தது. ஆண். தோல் உரிந்திருந்ததாம். வயிற்றிலேயே இறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். ஆயா தெருவில் கேள்விப்பட்டு வந்து எனக்குச் சொன்னாள்.

ஒரு வாரம் என்றால் நான் கேட்டது என்ன?

ரிஜிஸ்தரை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான். காய்ச்சல் நூற்று மூன்று. குழந்தையின் துடிப்பு நூற்று இருபத்துநாலு. தாயின் நாடி என்று இருந்த கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. அப்போதுதான் புரிந்தது. அவ்வளவு காய்ச்சலில் அவள் நாடி ஓட்டமாக ஓடியிருக்கும். நான் எண்ணியது அவளுடைய ரத்தம் ஓடிய சத்தம். உயிரில்லாத பிள்ளையைச் சுமந்துகொண்டு ஒருத்தி "அசையல, அசையல" என்று சொல்ல, நான் அவளுடைய இதயத்தையே எண்ணி அவள் பிள்ளைக்கு எழுதியிருக்கிறேன்.

யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரம்மாவிடம்கூட. சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, மறைக்கவில்லை. அதைவிட, அந்தப் பெண்ணின் தெருவழியாகப் போக வேண்டி வருமோ என்ற பயம். வேறு வழியாகச் சுற்றிப் போனேன். அப்படி ஒன்றரை வருஷம் போயிற்று.

தை மாதம் அவள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை புருஷனுடன். இரண்டு மாதம் குளிக்கவில்லை, காலையில் குமட்டுகிறது என்றார் அவர். நான் மேசையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன். அவள் சுவரில் மாட்டியிருந்த மரக்குழலைக் காட்டினாள்.

"அத வைங்க."

"இப்பக் கேக்காது," என்றேன். "அஞ்சு மாசம் தாண்டணும்."

"இப்ப உள்ள நெஞ்சு அடிக்குமா, அடிக்காதா?"

"அடிக்கும். ஆனா நமக்குக் கேக்காது."

"அப்ப இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

இதெல்லாம் நடந்து பல காலம் கழித்து, என் அண்ணன் மகளுக்குத் துணையாக ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போயிருந்தேன். அவளுக்கு ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ. இருட்டறையில் அந்தத் திரையில், பயறு அளவு வெளிச்சத்துக்கு நடுவே ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. "இதாம்மா ஹார்ட்பீட்," என்றாள் டாக்டர், தினமும் இருபது தடவை சொல்கிற குரலில். என் அண்ணன் மகள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. தை மாத வெயிலில் என் எதிரே உட்கார்ந்து அவள் கேட்ட அந்தக் கேள்விதான் ஞாபகம் வந்தது. அவள் கேட்டபோதும் அவளுக்குள் அதே பயறு அளவு வெளிச்சம் மினுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். பார்க்க வழியில்லை. இரண்டாம் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதம் வரை எங்களிடம் வந்த ஒவ்வொரு பெண்ணும் வெறும் நம்பிக்கையில்தான் நடமாடினாள். வாந்தி வந்தால் பிள்ளை இருக்கிறது என்று சந்தோஷம். ஒருநாள் வாந்தி நின்றால் பயம். எங்களிடம் அதற்கு மருந்து இல்லை, ஆறுதல் வார்த்தைதான் இருந்தது. ஒரு தடவை பொய்யான ஆறுதல் கொடுத்தவளால் இரண்டாம் தடவை அதைக்கூடச் சுலபமாகச் சொல்ல முடியவில்லை. "மாசாமாசம் வா," என்று மட்டும் சொன்னேன்.

வந்தாள். மாசியில், பங்குனியில். ஒவ்வொரு தடவையும் குழலைப் பார்ப்பாள். நான் தலையசைத்து மறுப்பேன்.

சித்திரையில் ஐந்தாம் மாதம் பிறந்தது. வெயில் கொளுத்தியதால் அன்றைக்குக் கூட்டம் இல்லை. மாமியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். மருமகள் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். குழலைக் கையில் எடுத்துவிட்டேன். வைக்க முடியவில்லை.

"ஒனக்கு ஒண்ணு சொல்லணும்," என்றேன்.

என் உதட்டைப் பார்த்தாள்.

"போன தடவ நா கேட்டது புள்ள நெஞ்சு இல்ல. ஒன் நாடி."

அவள் தன் முகவாயைத் தொட்டுப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் முகவாய்க்கும் நாடி என்றுதான் பெயர். "எந் நாடிக்கு என்ன?" என்றாள்.

சாதாரணமாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும். அவள் மணிக்கட்டைப் பிடித்து விரலை அழுத்தினேன். "இங்கன துடிக்குதுல்லா, இது. இதத்தான் புள்ளன்னு நெனச்சிட்டேன். காய்ச்சல்ல இது வேகமா ஓடுச்சு. நா ஒங்கையப் பிடிச்சுப் பாக்கல. தப்பு எம்மேல."

"மெதுவாச் சொல்லுங்க. பாதி வெளங்கல."

இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லாததை நான் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு சொல்லாக, வாயை நன்றாகத் திறந்து. சத்தத்தைக் கூட்டினால் அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரிந்தும் என்னையறியாமல் சத்தம் கூடிவிட்டது. வெளியே விசிறி நின்றது. மாமியார் வாசலில் வந்து நின்றாள்.

"என்னம்மா சொல்லுதிய? அன்னைக்கு நல்லாருக்குன்னு சொன்னியளே. நாங்க நம்பித்தானே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனோம்!"

மருமகள் அவளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே தெரிஞ்சிருந்தாப் பொழச்சிருக்குமா?"

"பொழச்சிருக்காது. நீங்க இங்கன வரதுக்கு முந்தியே போயிட்டுது."

"அப்ப நா சொன்னதுதான் சரி."

நான் தலையசைத்தேன். அவள் மாமியார் பக்கம் திரும்பினாள். இந்தத் தடவை அவள் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"நா சொன்னதுதான் சரி! ரெண்டு நாளா அசையலன்னு சொன்னம்லா? செவிடிக்கு என்ன தெரியும்னு எல்லாரும் சொன்னிய!"

மாமியார் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபத்தோடு வந்தவள், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நா என்னத்தட்டி கண்டேன்," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. அது மருமகளுக்குத் தெரியவில்லை.

அவள் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மல்லாந்து படுத்து, "இப்ப வைங்க," என்றாள்.

வைத்தேன். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. "கேக்கல. இன்னும் சின்னது. பயப்படாத, அடுத்த வாரம் வா," என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். கேட்காததைக் கேட்கவில்லை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அடுத்த வாரமும் கேட்கவில்லை. அந்த இரண்டு வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆயா என்னைப் பார்த்து, "புள்ளத்தாச்சி அவளா, நீங்களா?" என்று கேட்டாள்.

மூன்றாம் வாரம் தொப்புளுக்குக் கீழே, இடது பக்கமாகக் குழலை வைத்தபோது கேட்டது. மிக மெல்லிய டிக்டிக். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அங்கே எழுபத்தெட்டு, காதில் அதைப்போல இரண்டு மடங்கு. ஒன்றோடொன்று ஒட்டாமல் இரண்டும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன.

தலையை எடுத்தால் மறுபடி பிடிக்க முடியாதோ என்று பயம். காதைக் குழலில் வைத்தபடியே இருந்தால் அவளுக்கு என் உதடு தெரியாது. எப்படிச் சொல்வது? அவள் விரல்கள் என் தோளைப் பிடித்து உலுக்கின.

"என்ன? என்ன?"

அந்தக் கையைப் பிடித்து இழுத்து, விரித்து, உள்ளங்கையில் ஒரு விரலால் தட்ட ஆரம்பித்தேன். காதில் கேட்பதை அப்படியே, கேட்கிற வேகத்தில். டிக்டிக் டிக்டிக். முதலில் அவளுக்குப் புரியவில்லை, கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். விடாமல் தட்டினேன். பிறகு கை அசையாமல் நின்றது. என் முகம் அவள் வயிற்றின் மேல் கால்மாட்டைப் பார்த்து இருந்ததால் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வயிறு மட்டும் விம்மி விம்மி ஏறி இறங்கியது. அந்த அசைவில் குழல் நழுவி, சத்தம் தொலைந்துவிட்டது.

நிமிர்ந்தேன். இரண்டு காதுப் பக்கமும் கண்ணீர் வழிந்து ஓடியிருந்தது.

"இது எந் நாடி இல்லையே?" என்றாள்.

நியாயமான கேள்வி. அவள் வலக்கை விரல்களை எடுத்து அவளுடைய இடக்கை மணிக்கட்டில் வைத்து, அழுத்தச் சொன்னேன். இரண்டு மூன்று தடவை நழுவிய பிறகு கண்டுபிடித்தாள். மறுபடி குழலை வைத்துத் தேடிப் பிடித்து, நாடி பார்க்கிற அந்த இடக்கையின் உள்ளங்கையிலேயே தட்டினேன். வலது விரல் நுனியில் அவளுடைய துடிப்பு, இடது உள்ளங்கையில் பிள்ளையின் துடிப்பு.

"இது மெதுவாப் போவுது. அது ஓடுது," என்றாள் முணுமுணுப்பாக. "வேற. வேறதான்."

அதற்குப் பிறகு பிரசவம் வரை ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். நான் எண்ணிச் சொல்வதை அவள் சும்மா ஏற்றுக்கொள்ளவே மாட்டாள். தானும் பிடித்துப் பார்த்து, இரண்டும் வேறு என்று தெரிந்தால்தான் கட்டிலை விட்டு இறங்குவாள். அவள் வீட்டில் புருஷன் அவளிடம் கையை நீட்டச் சொல்லி, எப்படித் தட்டியது என்று காட்டச் சொல்வாராம். மாமியாரும் ஒருநாள் தன் கையை நீட்டியதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஒருநாள் அவளிடம் கேட்டேன். "எம்மேல கோவமில்லையா? தென்காசிக்கே போயிருக்கலாம்லா?"

"வேற எங்கன போனாலும் எங்க அத்தையப் பாத்துத்தான் பேசுவாவ. நீங்க எம் மூஞ்சியப் பாத்துப் பேசுவிய." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அன்னைக்கு ஒரு நாளுதான் அத்தையப் பாத்துச் சொன்னிய," என்றாள்.

ஆவணி மாதம் ஒரு மத்தியானம் வலி எடுத்து வந்தாள். விடுதியிலேயே பிரசவம். முக்கச் சொல்ல வேண்டிய நேரத்தில் என் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. அதனால் ஆயா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல அழுத்தியும் விட்டும் சைகை காட்டினாள். இருட்டும் முன்பு பெண் பிள்ளை பிறந்தது. பிறந்த உடனே வீறிட்டது. அவள் தலையைத் தூக்கி, பிள்ளையின் திறந்த வாயையே பார்த்தாள்.

"அழுவுதா?"

"அழுவுது. நல்லா அழுவுது," என்றேன்.

மறுநாள் காலை புருஷன் ஐந்தருவியிலிருந்து ஒரு கூடை கொய்யாவோடு வந்தார். எனக்கு ஒன்று, ஆயாவுக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டுக் கட்டிலருகே போய், "ரோட்டுல வரும்போதே அழுற சத்தம் கேட்டுது," என்றார்.

"எப்படிக் கேட்டுது?" என்றாள்.

அவர் விழித்தார். "எப்படின்னா... சத்தமா."

அவள் என் பக்கம் திரும்பினாள். பிள்ளை எப்படி அழும் என்பதை எப்படிச் சொல்வது? யோசித்து, "பூனைக்குட்டி மாதிரி," என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்பது வயது வரை கேட்ட சத்தங்கள் எல்லாம் எங்கேயோ இருந்திருக்க வேண்டும். தேடி எடுத்துவந்தவள் போலக் கண்ணைத் திறந்து, "மியாவ்," என்றாள். அவள் அறியாமல் அது கூரை அதிரும் சத்தமாக வந்தது. அடுத்த கட்டில்காரி துள்ளி எழுந்தாள். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை இரண்டு கையையும் விரித்து நடுங்கி, முகம் சிவக்கக் கத்த ஆரம்பித்தது.

பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்த மாமியார் ஈரக்கையோடு ஓடிவந்தாள். "காது கேக்குது! எம் பேத்திக்குக் காது கேக்குது!" அப்படி ஒரு பயம் அவளுக்குள் இருந்தது என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. காய்ச்சலால் வந்த செவிடு பிள்ளைக்கு வராது என்று நான் முன்பே சொல்லியிருக்கலாம். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லத் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் எனக்குப் புளியறைப் பக்கம் மாற்றலாகிவிட்டது. அவளுக்கு அப்புறம் ஒரு பையன் பிறந்தான் என்று ஆயா எழுதியிருந்தாள். அந்தப் பிரசவத்தை வேறொரு நர்ஸ் பார்த்தாளாம். புது நர்ஸிடம் கையை நீட்டித் தட்டச் சொன்னாளாம், அந்தப் பெண் முதலில் பயந்துபோனாளாம். படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். அதற்குப் பிறகு அவளைப் பற்றிய சேதி எதுவும் எனக்கு வரவில்லை.